தடவிக்கொடுத்த முயல்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஒருவருக்கு மாரடைப்பு வந்துவிட்டால் வீட்டில் பேச்சு எண்ணெயையும் சிகரெட்டையும் சுற்றியே போகும். "கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லாமல் இருந்தார்" என்று யாராவது சொன்னால், சரி, ஏதோ ஆதங்கத்தில் சொல்கிறார் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடக்கூடாது என்பதற்கு விலங்குகள் தந்த சாட்சியத்தைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஏன் விலங்குகள்? கவலையில் இருக்கும் மனிதர் சரியாகத் தூங்குவதில்லை, கூடுதலாகப் புகைக்கிறார், கண்டதைச் சாப்பிடுகிறார். இதயத்தைக் கெடுத்தது கவலையா புகையா என்று பிரிப்பது கடினம். கூண்டில் இருக்கும் விலங்கு புகைப்பதில்லை. அதன் தீனியை நாமே அளந்து போடலாம்.

1980-இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா முயல்களுக்கும் கொழுப்பு ஏற்றும் ஒரே தீனி. சில முயல்களை மட்டும் தினமும் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள், விளையாடினார்கள். ரத்தக் கொலஸ்ட்ரால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பெருந்தமனியில் கொழுப்புப் படிந்த பரப்பு, தடவிக்கொடுத்த முயல்களில் சுமார் 60 சதவீதம் குறைவு!

அப்புறம் குரங்குகள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜே கேப்லனும் அவருடைய குழுவினரும் ஆண் மக்காக் குரங்குகளைக் கூட்டங்களாக வளர்த்தார்கள். சில கூட்டங்களை அப்படியே விட்டார்கள்; மற்றவற்றில் அவ்வப்போது ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் யார் பெரியவன் என்ற சண்டை முதலிலிருந்து தொடங்கும். 22 மாதம் கழித்துப் பார்த்தபோது இதயத் தமனிகளில் அடைப்பு அதிகமாக இருந்தது, அடிவாங்கிய குரங்குகளுக்கு அல்ல. கலைந்துகொண்டே இருந்த கூட்டத்தில் தலைமையைக் காப்பாற்றப் போராடிய குரங்குகளுக்கு. (பெண் குரங்குகளில் நிலைமை தலைகீழ்: அடங்கிப் போனவற்றுக்குத்தான் பாதிப்பு அதிகம்.) கொழுப்புக் குறைந்த தீனி கொடுத்து இன்னொரு முறை செய்தார்கள். அப்போதும் அழுத்தத்தில் இருந்த குரங்குகளின் தமனிகளே கூடுதலாகக் கெட்டிருந்தன.

1987-இல் அதே குழு புரோப்ரனலால் மாத்திரையின் மருந்தைத் தீனியில் கலந்து பார்த்தது. பதற்றத்தில் நரம்புகள் தூண்டிவிடும் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. தலைமைக் குரங்குகளின் தமனிகளில் படிவு குறைந்தது; அடங்கிய குரங்குகளில் மாற்றம் இல்லை. அப்படியென்றால் சேதம் நரம்பு வழியாக வருகிறது என்றுதானே அர்த்தம்?

நரம்பு எப்படித் தமனியைக் கெடுக்கும்? இதற்கு ஒரு நல்ல விடை 2014-இல் பாஸ்டனில் சுண்டெலிகளிடம் கிடைத்தது. கூண்டைச் சாய்த்து வைப்பது, கூட்டமாக அடைப்பது, வெளிச்ச நேரத்தை மாற்றுவது என்று தினம் ஒரு தொல்லை. தொல்லை நீடிக்கும்போது எலும்பு மஜ்ஜைக்குள் ஓடும் நரம்பு முனைகள் அட்ரினலினைப் போன்ற நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. ரத்த அணுக்களை உருவாக்கும் மூலசெல்களை அடக்கி வைத்திருந்த ஒரு புரதம் குறைகிறது. உடனே அவை வேகமாகப் பெருகி, வெள்ளணுக்களைக் கூடுதலாக வெளியே அனுப்புகின்றன. அந்த வெள்ளணுக்கள் தமனிச் சுவரின் கொழுப்புப் படிவுக்குள் புகுந்து அழற்சியைத் தூண்ட, படிவு வெடிக்கக்கூடிய நிலைக்குப் போகிறது. வெடித்தால் ரத்தம் உறையும், அதுதான் மாரடைப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த இளம் மருத்துவர்களின் ரத்தத்தையும் அதே ஆய்வில் பரிசோதித்தார்கள். பணி நாட்களில் அவர்களுக்கும் வெள்ளணுக்கள் கூடியிருந்தன.

சுண்டெலிக்கு உண்மை என்பதெல்லாம் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஆயுள் வேறு, அதற்குக் கொடுத்த தொல்லையும் வேறு. ஆனால் முயல், குரங்கு, சுண்டெலி மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போது நான் கவனிக்கிறேன்.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1970-களில் இதய மருத்துவர் பெர்னார்ட் லௌன் குழுவினர் நாய்களைத் தொட்டிலில் கட்டி, சில நாட்கள் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்புறம் அதிர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதே தொட்டிலில் வைத்தாலே போதும், இதயத் துடிப்பு தாறுமாறாகப் போவதற்குத் தேவையான தூண்டுதலின் அளவு வெகுவாக இறங்கிவிடும். பழகிய கூண்டில் அப்படி இல்லை.

"அந்த அறைக்குள் நுழைந்தாலே படபடக்குது டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், ஈசிஜி சரியாக இருக்கிறது என்று அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. எந்த அறை, அங்கே என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேட்கிறேன்.

நேரம் இருக்கிறது, இப்போது நீங்கள் கேளுங்கள்.