வெட்டின நெல்லை வைக்க ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கமக்காரருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தம்பலகாமப் பக்கம் வயல் செய்கிறவன். எங்கள் வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், உள்ள கமக்காரர் அமைப்பு வேலைகளிலும் கொஞ்சம் ஈடுபடுகிறேன். பச்சை வயலும் வரப்பும் கொக்கும் பற்றி அழகாகப் பேச என்னைவிட நல்லவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வெட்டுக் காலத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வயல்காரனுக்கு எப்போது அதிகப் பயம் என்று வெளியில் உள்ளவர்களைக் கேட்டால் யானை என்பார்கள், வெள்ளம் என்பார்கள். பொய்யில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் காவல் வாடியில் கிடந்து யானை வெடியும் டோர்ச்சுமாக விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கு அது தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல் பக்கத்து வயல்கள் எப்படிக் கிடந்தன என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் யானைக்கும் வெள்ளத்துக்கும் தப்பி, அறக்கொட்டிப் பூச்சிக்கும் தப்பி, நெல் நன்றாக விளைந்து வெட்டியும் ஆகிவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு வருகிற மூன்று நாள் இருக்கிறதே, எனக்குப் பெரிய பயம் அந்த மூன்று நாள்தான்.

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. இரண்டாம் அக்கபோதி ஏழாம் நூற்றாண்டில் கட்டிய குளம் என்று சரித்திரப் புத்தகம் சொல்கிறது. குளக்கோட்டன் என்ற அரசன் கட்டி, கோணேசருக்கென்று வயல்களை விட்டான் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். யார் கட்டினாலும் வாய்க்கால் சண்டை எங்களுக்குத்தான். 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலையில் அந்தக் கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதன் பிறகு குளம் நிறைந்தது என்று கேட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

பெரும்போகத்துக்கு ஒன்று, சிறுபோகத்துக்கு ஒன்று என்று ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது, எத்தனை மாத நெல் போடுவது, எல்லாம் அங்கே முடிவாகும். மூன்றரை மாதமா மூன்று மாதமா என்பது தண்ணீரின் கணக்கு. சரி, இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய குறை இல்லை. எனக்குள்ள குறை வேறு. எல்லாரும் ஒரே கிழமையில் விதைத்தால் எல்லாரும் ஒரே கிழமையில்தான் வெட்டுவார்கள். விதைப்புக்குத் தேதி வைக்கிற அந்தக் கூட்டத்தில், வெட்டின நெல் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

முன்பு எப்படி இருந்தது என்று இளைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கத்தியால் வெட்டி, வெட்டினதை உப்பட்டியாக வயலிலேயே காய விடுவார்கள். பிறகு கட்டிச் சுமந்து வந்து போராக அடுக்குவார்கள், அதைத்தான் சூடு வைப்பது என்போம். ஒழுங்காக வைத்த சூட்டுக்குள் மழைத் தண்ணீர் இறங்காது. அதை ஆறுதலாக, ஆட்களும் மாடும் கிடைக்கிற நேரம் பார்த்து, நிலவுக் காலத்தில் அடிப்பார்கள். களவெட்டிக்குள், அதாவது சூடடிக்கிற களத்துக்குள், நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் வாய் தவறினால் பெரியவர்களிடம் நல்ல பேச்சு விழும். பிற்காலத்தில் மாட்டுக்குப் பதில் உழவு மெசின் வந்தது. அப்போதும் சூடு இருந்தது.

இதிலே வேலை அதிகம், சந்தேகமில்லை. முதுகு முறிகிற வேலை. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன், என் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூட்டுக்குள் இருந்த நெல் காய்ந்த நெல். அதற்கு அவசரம் கிடையாது. வியாபாரி வந்து விலை குறைத்துக் கேட்டால், போய்விட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லலாம். வீட்டில் நெல்லைக் கொட்டி வைக்கக் கொம்மறையும் இருந்தது.

இன்றைக்கு வெட்டு மெசின் வருகிறது. வெட்டுவது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. காலையில் நின்ற வேளாண்மை மத்தியானத்துக்குள் மூடையாகக் கிடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நெல் ஈர நெல். நூற்றுக்கு இருபது, அதற்கு மேலும் ஈரம் இருக்கும். நெல் வாங்குகிற அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14. ஈர நெல்லைச் சாக்கில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் சாக்குக்குள் கை வைக்க முடியாது, கொதிக்கும். அப்புறம் முளைக்கும், அல்லது அரிசி மஞ்சளாகும்.

ஆகவே வெட்டின அன்றே இரண்டு வழிதான். வரப்போரத்தில் நிற்கிற லொறிக்கு அப்படியே கொடுப்பது, அல்லது காய வைப்பது.

காய வைக்க இடம் எங்கே? கந்தளாய் வீதியிலோ கிண்ணியாப் பக்கமோ மாசி மாதத்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், தார் வீதியில் பாதியை நெல் பிடித்திருக்கும். அதைக் காலால் கோடு கிழித்துக் கிழித்துப் புரட்ட வேண்டும். நடுவெயிலில் தார்ச் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. டக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. ஈரமானி எல்லாம் பிறகு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கிழக்கே மேகம் கறுக்கும். புருஷன், பெண்சாதி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எல்லாரும் தரப்பாளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாகனக்காரர்கள் ஏசிக்கொண்டு போவார்கள், அவர்கள் மேலும் பிழை இல்லை. வீதி ஓடுவதற்குத்தானே போட்டது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். ஆயிரம் கிலோ நெல்லில் நூற்றுக்கு இருபது ஈரம் என்றால், 14 ஈரத்துக்குக் காய்ந்த பிறகு ஏறக்குறைய 930 கிலோ நிற்கும். எழுபது கிலோ தண்ணீர். வியாபாரி இந்த எழுபதைக் கழித்தால் நியாயம். ஆனால் சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, பதருக்குக் கழிவு என்று மூடைக்கு மூடை கழித்த பிறகு, ஈர நெல்லென்று விலையையும் குறைத்தால் அது ஒரே ஈரத்துக்கு இரண்டு தரம் வெட்டுவது. தராசும் அவருடையது, கணக்கும் அவருடையது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று அறிவித்தது. அறிவித்தது காய்ந்த நெல்லுக்கு. எங்கள் கையில் இருப்பது ஈர நெல்.

இதற்காக முதலாளிமாரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்குக் களம் இருக்கிறது, லொறி இருக்கிறது, கையில் காசு இருக்கிறது. எங்களிடம் மூன்றும் இல்லை. மெசின்காரத் தம்பி கூலிக்கு வரப்பில் நிற்பான், அவனும் டீசலைக் கடனுக்கு அடித்திருப்பான். மருந்துக் கடையில் “வெட்டினதும் தாறேன் அண்ணே” என்று சொல்லி வாங்கிய களைநாசினிக் காசு இருக்கிறது. உரம் வாங்க அடகு வைத்த சங்கிலிக்குத் தவணை வந்துவிடும். காய வைக்கலாம்தான், ஆனால் இவர்களையும் காய வைக்க முடியாதே.

2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்தார்களே, நினைவிருக்கும். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனாலும் அந்தப் பெரும்போகம் நாட்டுக்கே தேய்ந்த போகம். எங்கள் பக்கம் பயிர் மஞ்சளடித்து நின்றது. அந்தக் கொஞ்ச நெல்லையும் கடனுக்காக வயலிலேயே விற்றவர்கள், சில மாதம் கழித்துக் கடைக்குப் போய் அரிசி வாங்கினார்கள், அதுவும் முன்பு காணாத விலைக்கு. சாப்பாட்டுக்கென்று காய வைத்து நாலு மூடை வைத்திருந்த வீடுகளில் 2022 ஓரளவு சமாளிப்பாகப் போனது. அந்த வீடுகளில் வயல் அதிகம் என்று நினைக்காதீர்கள். சீமெந்து முற்றம் இருந்தது, அவ்வளவுதான்.

நெல் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. களஞ்சியங்கள் இருக்கின்றன. அவை வெட்டுத் தொடங்குகிற நாளில் திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு போகமும் சொல்கிறோம். ஆனால் களஞ்சியம் திறந்தாலும் ஈர நெல்லோடு போனால் திரும்பி வரத்தான் வேண்டும். அதனால் நான் கேட்பது விலைக்கு முன்னால் களம். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு சீமெந்துக் களம், பக்கத்தில் கூரை போட்ட ஒரு கொட்டில், அமைப்பின் பொறுப்பில் ஒரு ஈரமானி, முத்திரை குத்திய ஒரு தராசு. வெயில் இல்லாத நாளுக்கு இரண்டு மூன்று வட்டைக்குப் பொதுவாக ஒரு உலர்த்தி மெசின். கட்டின பிறகு யார் முதலில் காய வைப்பது என்று சண்டை வரும், அதுவும் எனக்குத் தெரியும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகியவர்கள் நாங்கள், களத்துக்கும் முறை வைத்துக்கொள்வோம்.

சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டம் வரப்போகிறது. விதைப்புத் தேதியோடு காய வைக்கிற இடத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி எங்கள் அமைப்பிலிருந்து கடிதம் கொடுக்கப் போகிறோம். கந்தளாய், மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளும் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் கொடுங்கள். பேச இடம் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.