கிரயம் தள்ளிப் போகிறதா? வீட்டை மறுபடி போய்ப் பாருங்கள்

திருச்சி வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் அளந்து, தட்டிப் பார்த்து, வங்கிக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுத்து வருகிறேன். வேல்யூவேஷன் என்றால் சட்டென்று புரியும். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் வீட்டுக்கு என்னைப் போல ஒருவர் டேப்போடு வந்திருப்பார்.

அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டாயிற்று. மூன்று மாதத்தில் கிரயம் என்று பேச்சு. அப்புறம் ஒரு வாரிசு கையெழுத்துக்கு வர முடியவில்லை, பட்டாவில் பெயர் மாறவில்லை, மூலப் பத்திரத்தைக் காணவில்லை. மூன்று மாதம் எட்டு மாதமாகிறது. அந்த எட்டு மாதமும் நாம் பத்திரத்தின் பின்னாலேயே அலைகிறோம். வீட்டை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நான் சொல்ல வந்தது அதுதான். கிரயம் தள்ளிப் போனால், பதிவுக்கு முன் வீட்டை மறுபடி மதிப்பிட வையுங்கள்.

கருமண்டபம் பக்கம் ஒரு வீடு. 1998-ல் கட்டியது. அப்பா அம்மா காலமான பிறகு பிள்ளைகள் மூன்று பேரும் விற்க முடிவு செய்தார்கள். வாங்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பேசிய விலை 62 லட்சம். 2021 ஜூலையில் போய்ப் பார்த்தேன், 60 லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல வீடு.

மகள் ஒருவர் சிங்கப்பூரில். அங்கே நம் தூதரகத்தில், தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட பவர் எழுதி அனுப்ப வேண்டும், அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். ஒரு தடவை எழுதியதில் சர்வே எண் தப்பு. திரும்ப எழுதி வந்து சேரும்போது மறு வருடம் மார்ச். இதற்கு நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசாக வந்து போய்விட்டது. வீடு பூட்டியே கிடந்தது.

பழைய அறிக்கைக்கு நாளாகிவிட்டது, புதிதாக வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். இந்தக் கெடு வங்கிக்கு வங்கி மாறும், மூன்று மாதம், ஆறு மாதம் என்று. ஆசிரியர் என்னிடம் வந்து, "அதே வீடுதானே சார், தேதியை மட்டும் மாத்திக் கொடுங்களேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். "சாவியை வாங்கிட்டு வாங்க சார், ஒரு நடை பார்த்துடுவோம்" என்றேன்.

மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. மழைக்காலம் பூராவும் தண்ணீர் அங்கேயே நின்றிருக்கிறது. கீழே படுக்கையறைக் கூரையில் லேசான உப்பல், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் எப்போதும் சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருப்பேன். நல்ல கான்கிரீட்டில் தட்டினால் 'டங்' என்று கேட்கும். இங்கே 'பொத், பொத்' என்றது. நாலாவது தட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நின்றது. ஆசிரியர் ஒரு செதிலை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார். பொடியாகிவிட்டது. கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருட ஆயுள், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்துத் தேய்மானம் போடுவது எங்கள் வழக்கம். அதன்படி வருடத்துக்கு ஒன்றரை சதவீதம், எட்டு மாதத்துக்கு ஒரு சதவீதம். காகிதத்தில் பார்த்தால் எட்டு மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பூட்டின வீட்டில், ஒரே மழைக்காலத்தில், ஒரு கூரை போய்விட்டது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தேதியை மட்டும் மாற்றாதீர்கள், வீட்டைப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது அறிக்கையில் 57 லட்சம் என்று எழுதினேன். விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கணக்குப் போடும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு 80 சதவீதம். முதலில் 48 லட்சம் கிடைத்திருக்கும், இப்போது 45 லட்சத்து 60 ஆயிரம். ஆசிரியர் அந்த அறிக்கையோடு விற்பவர்களிடம் போய் உட்கார்ந்தார். பெயர்ந்த கூரையைப் படத்தில் பார்த்ததும் சிங்கப்பூர் மகளே முதலில் சம்மதித்தாராம். மூன்றரை லட்சம் குறைத்துக்கொண்டார்கள். பேச்சு கசக்கவில்லை.

ஒரு விஷயம். வங்கிக்காக எழுதும் அறிக்கை வங்கிக்குத்தான் போகும், கட்டணம் மட்டும் உங்களுடையது. ஒரு நகல் வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அல்லது கடனே இல்லாமல் வாங்குகிறீர்கள் என்றால், சொந்தச் செலவில் ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துப் போங்கள். தாமதம் நீண்டதும் "இப்ப ரேட் ஏறிடுச்சு" என்று விற்பவர் சொன்னாலும் அதே அறிக்கையை வைத்துப் பேசலாம்.

நேரம் முடியப் போகிறது என்று இங்கே சைகை காட்டுகிறார்கள். அரசு வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவின்போது முத்திரைத்தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் 33 சதவீதம் குறைத்ததை 2023 ஏப்ரல் 1 முதல் பழையபடி ஆக்கினார்கள். மார்ச்சில் முடிய வேண்டிய கிரயம் ஏப்ரலுக்குப் போனவர்களுக்கு அந்த மதிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பதிவுக்குப் புது மதிப்புதான். ஆனால் வருமான வரிக் கணக்கில் ஒப்பந்தத் தேதியின் மதிப்பையே எடுத்துக்கொள்ள வழி உண்டு. அதற்கு அட்வான்ஸில் ஒரு பகுதியாவது அந்தத் தேதிக்குள் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த வழி இல்லை.

வில்லங்கச் சான்றைப் பதிவுக்கு முந்தின நாள் மறுபடி பார்ப்பது பற்றியும் பேச நினைத்திருந்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், பார்த்துவிட்டுப் போங்கள். வணக்கம்.