கன்னியாவின் சூடும் பனி நிலவுகளின் கடலும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், இந்தக் கடற்காற்றில் நேரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களுக்கும் வணக்கம். “பூமிக்கு அப்பால் உயிரைத் தேட உகந்த இடம் விண்மீன்களின் வாழ்தகு வலயமா, அதற்கு வெளியேயுள்ள பனி நிலவுகளா?” என்பது இன்றைய தலைப்பு. பனி நிலவுகளே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் வலயத்தை அழகாக விளக்கினார். விண்மீனுக்கு மிக அருகில் நீர் ஆவியாகிவிடும், மிகத் தொலைவில் உறைந்துவிடும், இடைப்பட்ட பட்டையில்தான் கோளின் மேற்பரப்பில் நீர் திரவமாக நிற்கும் என்றார். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வரையறையில் “மேற்பரப்பில்” என்று ஒரு சொல் இருந்தது. அவர் அதை விரைவாகக் கடந்து போனார்; நான் அங்கேயே நிற்கப் போகிறேன்.

இங்கிருந்து சில மைல் தொலைவில் கன்னியாவின் ஏழு கிணறுகள் இருக்கின்றன. நம்மில் பலர் பெற்றோரின் அந்தியேட்டிக்காக அங்கே போய், அந்த நீரை அள்ளித் தலையில் ஊற்றியவர்கள். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காகத் தோன்றிய ஊற்றுகள் என்பது ஐதீகம். விடியுமுன் போனாலும் அந்த நீர் சுடும், மார்கழி மழையில் போனாலும் சுடும். பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அந்த உள்வெப்பமோ பூமி உருவானபோது எஞ்சியதும், யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் பிறந்துகொண்டிருப்பதுமாகும். மழையைத் தருவது சூரியன்தானே என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான், நீரைக் கொண்டுவந்தது சூரியன். சூட்டைக் கொடுத்தது சூரியன் அல்ல.

வலயம் என்றதும் நமக்கெல்லாம் வலயக் கல்வி அலுவலகம்தான் நினைவுக்கு வரும். எல்லைக் கோட்டை இந்தப் பக்கம் வரைந்தால் ஒரு பாடசாலை உள்ளே, அந்தப் பக்கம் வரைந்தால் வெளியே. பாடசாலை அதே இடத்தில் அதே கூரையோடு நிற்கும். 1993இல் ஜேம்ஸ் காஸ்டிங்கும் அவருடைய சகாக்களும் நமது சூரியனின் வாழ்தகு வலயத்தை 0.95 முதல் 1.37 வானியல் அலகு வரை என்று கணித்தார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரமே ஒரு வானியல் அலகு. 2013இல் கொப்பரப்பு தலைமையிலான குழு அதைத் திருத்தி, ஏறத்தாழ 0.99 முதல் 1.67 வரை என்றது. 1.52 அலகில் சுற்றும் செவ்வாய் முதற் கணக்கில் வெளியே, இரண்டாம் கணக்கில் உள்ளே. இடையில் செவ்வாயில் ஒரு சொட்டு மழையும் பெய்யவில்லை. நம் பூமியோ அந்தப் புதுக் கோட்டின் உள்விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. சந்திரனும் அதே தூரத்தில், அதே வலயத்துக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து மனிதர் அள்ளி வந்த கல்லிலும் மண்ணிலும் உயிரின் தடமே இல்லை.

இனி வலயத்துக்கு வெளியே வாருங்கள். சூரியனிலிருந்து ஒன்பதரை வானியல் அலகு தொலைவில் சனி இருக்கிறது. அதைச் சுற்றும் என்செலடஸ் என்ற நிலவின் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான நம் தீவின் நீளத்தை விடச் சற்றே கூடியது. வெயிலை மட்டும் கணக்கிட்டால் அது முழுக்க உறைந்த ஒரு கட்டியாகவே இருக்க வேண்டும். ஆனால் 2005இல் கசினி விண்கலம், அதன் தென் துருவத்துப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டெழுவதைக் கண்டது. டயோன் என்ற மற்றொரு நிலவின் ஈர்ப்பு, என்செலடஸின் பாதையை முழு வட்டமாக விடாமல் வைத்திருக்கிறது. ஆகையால் அது சனிக்குக் கிட்டப் போயும் எட்ட வந்தும் சுற்றுகையில், சனியின் ஈர்ப்பு கூடியும் குறைந்தும் அதன் உடலை இடைவிடாது பிசைகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், வளைந்த இடம் சுடும். அந்தச் சூட்டில்தான் பனி ஓட்டுக்குக் கீழே ஒரு கடல் திரவமாக நிற்கிறது.

அந்தப் பீறலுக்குள்ளேயே புகுந்து பறந்த கசினி அனுப்பிய தரவுகளில் உப்பு இருந்தது; வெந்நீர் பாறையோடு உறவாடினால் உருவாகக்கூடிய நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருந்தன; 2017இல் ஐதரசன் இருப்பதாக அறிவித்தார்கள்; 2023இல் பொசுபேற்றும் இருப்பதாக அறிவித்தார்கள்.

வெளிச்சமே இல்லாத கடலில் என்ன வாழும் என்று எதிரணித் தலைவர் கேட்டார். 1977இல் கலாபகோசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2500 மீற்றர் ஆழத்தில், அல்வின் என்ற நீர்மூழ்கி வெந்நீர்த் துவாரங்களைக் கண்டது. அவற்றைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் கூட்டமாக வாழ்ந்தன. அங்கே சோறு போடுவது ஒளித்தொகுப்பு அல்ல. ஐதரசன் சல்பைட்டை உண்டு உணவு ஆக்கும் பற்றீரியாக்களின் இரசாயனத் தொகுப்பு. நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் சொல்லாவிட்டால் எதிரணி சொல்லும்: அந்த உயிர்களில் பெரும்பாலானவை நீரில் கரைந்த ஒட்சிசனைச் சுவாசிக்கின்றன, அந்த ஒட்சிசன் மேலே வெயிலில் ஒளித்தொகுப்பால் உண்டானது. ஆகவே அவற்றுக்குச் சூரியனோடு உறவே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் அதே பூமியில், ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு மெதேனை ஆக்கி, அதில் கிடைக்கும் சக்தியில் பிழைக்கும் நுண்ணங்கிகள் உண்டு. அவற்றுக்கு ஒட்சிசனும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். என்செலடஸின் பீறலில் ஐதரசனும் காபனீரொட்சைட்டும் மெதேனும் மூன்றும் இருக்கின்றன. உயிர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இலை போட்டுப் பரிமாறியிருக்கிறது என்கிறேன்.

எண்ணிக்கை எங்கள் பக்கம் என்றார் எதிரணித் தலைவர். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் உறுதியானவை 6000ஐத் தாண்டிவிட்டன என்பது சரி. டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களில் மூன்று வலயத்துக்குள் இருப்பதாக 2017இல் அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். அது ஏறத்தாழ 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வொயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 17 கிலோமீற்றரில், அங்கே போய்ச் சேர ஏழு இலட்சம் ஆண்டு செல்லும். கசினி 1997இல் புறப்பட்டு 2004இல் சனியை அடைந்துவிட்டது. வியாழனின் யூரோப்பா நிலவிலோ, பனிக்குக் கீழே பூமியின் கடல்கள் அனைத்தையும் போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். அதை ஆராய 2024 ஒக்டோபரில் புறப்பட்ட கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையவிருக்கிறது. இந்த அரங்கின் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதும் வயதுக்குள் அதன் படங்கள் வந்துவிடும்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். வேறொரு விண்மீனின் வாழ்தகு வலயத்திலுள்ள எந்தக் கோளின் நீரையாவது, ஒரு துளியாவது, எவரேனும் எடுத்துச் சோதித்ததுண்டா? அவர் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே, நான் அமர்கிறேன்.