கடலுக்கடியில் வீடியோ: ஒரே லைட் போதுமா?

அடுத்த கேள்வி. "ஸ்கூபா டைவிங் போகும்போது ஆக்‌ஷன் கேமராவில் வீடியோ எடுக்கிறேன். எல்லாமே நீலமாக வருகிறது. சீக்கிரமே நைட் டைவிங்கும் போகப் போகிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே லைட் போதுமா? எத்தனை லூமென் பார்த்து வாங்க வேண்டும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

லூமெனைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது அந்த எண்தான், அதனால் எல்லோரும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒளி எத்தனை டிகிரி விரிகிறது என்பதை.

லூமென் என்பது லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளி. அதே ஆயிரம் லூமெனை 10, 15 டிகிரிக்குள் குவித்தால் வெகுதூரம் போகும். 120 டிகிரிக்கு விரித்துவிட்டால் கை நீளத்தைத் தாண்டியதும் மங்கத் தொடங்கிவிடும். டைவ் டார்ச்சில் ஒளி குவிந்திருக்கும், வீடியோ லைட்டில் விரிந்திருக்கும். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். அதற்கு டார்ச்சைப் பிடித்தால் படத்தின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் இருட்டு, அவ்வளவுதான் கிடைக்கும்.

சரி, வீடியோ லைட்டையே இரவிலும் கொண்டுபோகலாமே என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. பாறை இடுக்கில் பார்க்கவும் தூரத்தில் இருப்பதைத் தேடவும் குவிந்த ஒளிதான் உதவும். இரவில் டைவர்கள் பேசிக்கொள்வதும் டார்ச்சால்தான். தரையில் ஒளியை மெதுவாக வட்டமாகச் சுற்றினால் 'நான் ஓகே' என்று பொருள், பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் 'அவசரம், உதவி வேண்டும்' என்று பொருள். நீங்கள் ஒரு பெரிய வீடியோ லைட்டை எரியவிட்டு நின்றால் கூட வருபவர் காட்டும் சைகை அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். அதனால் என் பதில், ஒன்று போதாது. இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, நைட் டைவிங் உறுதி என்றால் டார்ச்சை வாங்குங்கள், வீடியோ காத்திருக்கட்டும். அப்புறம், இரவில் முதன்மை டார்ச்சோடு ஒரு சின்ன மாற்று டார்ச்சும் இருக்க வேண்டும். குவிந்த ஒளி, விரிந்த ஒளி என இரண்டு மோடும் ஒரே லைட்டில் வருகிற மாடல்கள் உண்டு. அதை மாற்று டார்ச்சாக வைத்துக்கொள்ளலாம்.

இனி நீல நிறத்துக்கு வருவோம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. முதல் ஐந்து மீட்டருக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆழம் மட்டும்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் போகும் ஒளிக்கும் இதே கதிதான். இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் பவளப்பாறைக்கு லைட் அடித்தால், ஒளி போக இரண்டு, திரும்ப இரண்டு, மொத்தம் நான்கு மீட்டர் தண்ணீரைக் கடந்துதான் கேமராவுக்கு வருகிறது. சிவப்பு அங்கேயே காலி. வீடியோ லைட் நல்ல நிறம் தருவது ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் வரைக்கும்தான். லூமெனை இரண்டு மடங்காக்கினால் தூரமும் இரண்டு மடங்காகாது. காற்றிலேயே ஒன்றரை மடங்குகூட வராது, தண்ணீரில் அதைவிடக் குறைவு. கூடுதல் லூமெனுக்குச் செலவு செய்வதைவிட ஒரு முழம் கிட்டே போவது பலன் தரும்.

நடுப்பகலில் ஐந்து மீட்டர் ஆழத்தில் சூரியனோடு லைட் போட்டி போடவே முடியாது. அங்கே லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டுவதுதான் வழி. ஆனால் ஃபில்டர் போட்டால் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கிட்டே இருக்கும் மீன் செக்கச்செவேல் என்று வரும். லைட்டை நம்பி எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமரா கணக்கிடும் அமைப்பை, ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வின் அருகில் நிறுத்துங்கள். நிறங்களை ஒரு லைட் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவுகோல் சி.ஆர்.ஐ., நூறுதான் உச்சம். அது 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.

அடுத்தது பலரையும் எரிச்சலூட்டும் வெள்ளைப் புள்ளிகள். பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் என்ன ஆகுமோ அதேதான். தண்ணீரில் மிதக்கும் துகளில் பட்டு ஒளி நேராக லென்ஸுக்குத் திரும்புகிறது. லைட்டைக் கேமராவின் தலையில் மாட்டினால் இது வந்தே தீரும். கேமராவின் இரண்டு பக்கமும் ஆர்ம் (லைட்டைத் தாங்கும் நீட்டுக் கை) போட்டு, லைட்டுகளைத் தள்ளி வைத்து, அவற்றின் முகத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளியின் ஓரம் மட்டும் மீன் மேல் படட்டும். வலுவான ஒன்றைவிடச் சுமாரான இரண்டு மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம், நிழலும் மென்மையாகும்.

இப்போது லூமென். கடல்குதிரை, இறால் போன்ற சின்ன உயிர்களைக் கிட்டே போய் எடுக்க ஆயிரம், இரண்டாயிரம் போதும். பகலில் அகலமான காட்சி வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்து லைட்டுக்கும் 3000 முதல் 5000 வரை. அதற்கு மேல் போனால் எடையும் சூடும் விலையும் ஏறும்.

வாங்கும்போது மங்கலான மோடில் வைத்து உங்கள் கேமராவிலேயே சில நொடி எடுத்துப் பாருங்கள். சில லைட்டுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கும், அது வீடியோவில் கோடுகளாக ஓடும். தண்ணீருக்கு வெளியே நிறைய நேரம் எரியவிடாதீர்கள், தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. தண்ணீர் புகாத தரத்தைக் குறிக்கும் ஐ.பி.எக்ஸ். 8 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று கேளுங்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர், அதனால் 60 அல்லது 100 மீட்டர் தாங்குவதாக இருக்கட்டும். 'மூன்று மணி நேரம் எரியும்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை அளந்த கணக்காக அது இருக்கலாம். முழு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

லைட்டின் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கினாலே தண்ணீர் உள்ளே போகும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். விமானத்தில் போவதானால் லித்தியம் பேட்டரிகளைக் கழற்றி, முனைகளை மூடி, கைப்பையில் வையுங்கள். ஒரு பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் இருந்தால் பொதுவாகத் தடை இல்லை, 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.