மடி கரையேறும் நொடி

வணக்கம் நேயர்களே.

உப்புவெளிக் கரையில் கரைவலை, அதாவது கரையில் நின்று இரண்டு கயிற்றால் இழுக்கிற பெரிய வலை, இழுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தம்பி யூடியூப் வீடியோவுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி தொடங்குகிறார்: "வணக்கம் உறவுகளே, நாங்க இப்ப எங்க நிக்கிறம் எண்டா, திருகோணமலை உப்புவெளி கடற்கரையில நிக்கிறம். இண்டைக்கு என்ன பாக்கப் போறம் எண்டா... அதுக்கு முதல் சனலை சப்ஸ்கிரைப் பண்ணாத ஆக்கள் சப்ஸ்கிரைப் பண்ணி, பெல் பட்டனையும் ஒருக்கா..." நாற்பது விநாடி போய்விட்டது. வலையின் ஒரு கண்கூட இன்னும் திரையில் வரவில்லை.

வீடியோவைப் போட்டு இரண்டு நாள் பொறுத்து, சனல்காரருக்கான யூடியூப் ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸ் என்ற கணக்குப் பக்கத்தைத் திறந்தால் ஒரு கோடு தெரியும். பார்க்கத் தொடங்கியவர்களில் எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் கோடு அது. முப்பதாவது விநாடியில் எத்தனை வீதம் என்று தனியாகவும் எழுதியிருக்கும். இப்படித் தொடங்கிய வீடியோவுக்கு அந்தக் கோடு கயிறு அறுந்த வாளி மாதிரி விழும். லைக் எத்தனை, கொமெண்ட் எத்தனை என்று மணிக்கொரு தடவை பார்க்கிறவர்கள் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. யூடியூப்போ 2012 இலேயே, எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

அதே கரைவலையை வேறு மாதிரித் தொடங்கலாம். மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையேறும் நொடியை முன்னால் வையுங்கள். ஐந்து விநாடி போதும். பேச்சு வேண்டாம், இழுக்கிறவர்களின் குரலும் அலையும் கேட்கட்டும். மடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன் வெட்டிவிடுங்கள். பிறகு ஒரே வரியில் வணக்கம் சொல்லி, கயிறு பிடிக்கிற இடத்துக்குப் போங்கள். இழுவை மணிக்கணக்காகப் போகும். நீங்கள் காட்ட வேண்டியது ஏதாவது மாறுகிற இடங்களை மட்டும்: இரண்டு கயிறும் நெருங்கி வருவது, மிதப்புகள் வளைவது, கூட்டம் சேர்வது. நிறுவையும் விலையும் கடைசிக்கு. கோடு எங்காவது மேலே எழும்பினால், அந்த இடத்தை ஆட்கள் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த வீடியோவில் அதற்குக் கூட நேரம் கொடுங்கள்.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்க 1000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4000 மணி என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஓர் ஆள் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 பார்வை தேவை. நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 போதும். ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்து வைத்தால் 20,000 பார்வை மிச்சம். ஷோர்ட்ஸ் எனும் குட்டி வீடியோப் பக்கத்தில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற நேரம் இந்த 4000 இல் சேராது. அதற்கு வேறு வழி: 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வை.

தம்நெயில், அதாவது வீடியோவின் முகப்புப் படம், விஷயத்தில் நம்முடைய ஆட்கள் இரண்டு பிழை விடுகிறார்கள். படத்தின் வலது கீழ் மூலையில் வீடியோவின் நீளத்தை யூடியூப் கறுப்புப் பெட்டியில் ஒட்டும். அங்கே எழுதினால் கடைசி எழுத்துகள் மறைந்துபோகும். மற்றது, தமிழ் இடம் பிடிக்கிற மொழி. போன் திரையில் மூன்று சொல்லுக்கு மேல் வைத்தால் ஒன்றும் வாசிக்க முடியாது. தலைப்புக்கு 100 குறி என்பது எல்லை. 'திருகோணமலை' நமக்கு ஆறு எழுத்து; கணினி கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணி 10 என்கும். ஆகவே முக்கியமான சொல்லை முன்னால் போடுங்கள், ஊரின் பெயர் பிறகு வரட்டும். மூன்று தம்நெயிலைப் போட்டுச் சோதிக்கும் வசதியும் யூடியூப்பில் உண்டு. கூடத் தட்டப்பட்ட படத்தை அது தெரிவு செய்வதில்லை. கூட நேரம் பார்க்க வைத்த படத்தையே தெரிவு செய்கிறது.

வானொலியில் பேசுவதால் சொல்கிறேன், படம் மங்கினாலும் ஆட்கள் பொறுப்பார்கள், சத்தம் கெட்டால் பொறுக்க மாட்டார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் போன் மைக்கில் படபடவென்று ஓர் இரைச்சல் ஏறும். ஒலிமட்டம் உச்சியில் முட்டி உடைந்துவிட்டால் மென்பொருளால் அதை முழுதாகச் சரிசெய்வது கடினம். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக்கைக் கழுத்துப்பட்டிக்கு உட்புறம் குத்தி, மேலே மயிர் உறை போடுங்கள். ஒலிமட்டம் மைனஸ் 12 க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். வெளிச்சத்துக்கு ஒரே கணக்குத்தான்: நம்முடைய கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கரியாகிவிடும். அதே படத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு எடுங்கள்.

"நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறன்" என்று வட்ஸ்அப் குழுக்களில் சப்ஸ்கிரைப் மாற்றுகிறார்கள். விதிமீறல் என்பது ஒரு பக்கம். அப்படி வந்த ஆள் உங்கள் அடுத்த வீடியோ முன்னால் வந்தாலும் தட்டமாட்டார். சொந்த சப்ஸ்கிரைபரே தொடாத வீடியோவை அந்நியருக்குக் கொண்டுபோய்க் காட்ட, யூடியூப்பின் பரிந்துரை இயந்திரத்துக்கு என்ன காரணம்? பேஸ்புக்கிலும், 'ஆம் என்றால் லைக், இல்லை என்றால் ஷெயார்' வகைப் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் அதையே போடுகிறோம்.

வெளிநாட்டுப் பார்வையாளரை எல்லாரும் தேடுவதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. விளம்பரத்தின் விலை பார்க்கிறவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கோடையில் ரொறன்ரோவில் இரவு ஏழு மணி என்றால் இங்கே விடிய நாலரை. எழும்பியிருக்கத் தேவையில்லை, நேரம் குறித்து வைத்தால் தானாக வெளியாகும்.

இந்தக் காசுதான், ஏழைக் குடும்பத்துக்குச் சாமான் கொடுப்பதைப் படமெடுத்துப் போடும் உதவி வீடியோக்களையும் பெருக்கியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் வறுமையை, வீட்டு வாசல், பிள்ளைகளின் முகம், அழுகை என்று காட்டினால் கோடு விழாமல் நிற்கும். அது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள புறாத்தீவில் பவளப்பாறை மேல் ஏறி நின்று எடுப்பதும், திருகோணமலைக் கோட்டையில் புள்ளிமானுக்கு பிஸ்கட் நீட்டி எடுப்பதும் இதே இனம்தான். பார்வைக்குரிய விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

உதவி வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் கையை எடுங்கள், குரலை எடுங்கள், முகத்தை விடுங்கள். வெட்டி ஒட்டி முடித்த வீடியோவை, போடுவதற்கு முன் உதவி வாங்கிய அம்மாவின் கையில் கொடுத்து முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். போடலாமா என்று சாமானைக் கொடுத்து முடித்த பிறகு கேளுங்கள், கொடுப்பதற்கு முன் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வேண்டாம் என்றால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனிலிருந்து அழித்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.