'முரட்டு நாய்' என்று ஒதுக்கப்பட்ட நாய்க்கு வீடு தேடுவது எப்படி?

[காட்சி: காப்பகத்தின் நடைபாதை. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். கேமரா மெல்ல நகர்கிறது.]

இந்த வரிசையின் கடைசிக் கூண்டில் இருந்தவன் மணி. நான்கு வயது. கறுப்பு நிறம். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். தத்தெடுக்க வருகிறவர்கள் முதல் கூண்டிலிருந்து ஆசையாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். கடைசிக் கூண்டை நெருங்கியதும் மணி எகிறிக் கம்பியில் மோதுவான், தொண்டை கிழியக் குரைப்பான். வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கி, "ஐயோ, இது வேண்டாம்" என்று திரும்பிவிடுவார்கள். ஏழு மாதம் இப்படியே போனது.

கூண்டில் ஒரு அட்டை தொங்கும். அதில் ஒரே வரி: "ஆக்ரோஷமான நாய். அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும்."

இந்த வீடியோ அந்த அட்டையைப் பற்றியது. மணி மாதிரியான நாய்களுக்கு வீடு அமையாமல் போக அவற்றின் குணம் பாதிக் காரணம். அந்தக் குணத்தை நாம் சொல்கிற விதம் மீதிப் பாதி. காப்பகத்தில் தன்னார்வலராக இருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்.

[காட்சி: கூண்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் கோணம். கம்பிகளுக்கு அப்பால் கால்கள் கடந்து போகின்றன.]

முதலில், கூண்டு எப்படிப்பட்ட இடம் என்று பார்ப்போம். சிமெண்ட் தரை, இரும்புக் கதவு. ஒரு நாய் குரைத்தால் சுவரெல்லாம் எதிரொலிக்கும். ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. முன்பின் தெரியாத ஆட்கள் வந்து நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கிறார்கள். பயந்த நாய் வெளியில் இருந்தால் ஒதுங்கிப் போய்விடும். கூண்டுக்குள் எங்கே ஒதுங்குவது? குரைப்பது ஒன்றுதான் வழி. குரைத்தால் வந்தவர் போய்விடுகிறார். "குரைத்தேன், பயம் தீர்ந்தது." ஒரு நாளைக்கு இருபது தரம் இந்தப் பாடத்தை நாமே நடத்துகிறோம். ஏழு மாதம் நடந்தால் எந்த நாயும் கற்றுக்கொள்ளும்.

அதனால் கூண்டில் பார்க்கிற நாயும் வீட்டில் பார்க்கப்போகிற நாயும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2019ல் லிசா கண்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் நாய்களை ஓரிரு இரவு மட்டும் ஒருவர் வீட்டில் தங்க வைத்தார்கள். நாய்களின் சிறுநீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பரிசோதித்தார்கள். வீட்டில் தங்கியபோது அளவு இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. அந்த வீட்டு இரவுகளில்தான் நாய்கள் இடைவிடாமல் அதிக நேரம் ஓய்வெடுத்தன என்பதையும் கவனித்தார்கள். ஓய்வே இல்லாத உயிரிடம் நல்ல குணத்தை எப்படி எதிர்பார்ப்பது?

சாப்பாட்டுக் கிண்ணத்தை யாராவது நெருங்கினால் உறுமுகிற நாய்களைப் பற்றியும் 2013ல் ஓர் ஆய்வு வந்தது. 97 நாய்கள். காப்பகத்தில் நடந்த சோதனையில் 20 நாய்கள் உறுமின. வீட்டுக்குப் போன பிறகு விசாரித்தால், அந்த 20ல் 11 மட்டும்தான் வீட்டிலும் அப்படி நடந்துகொண்டன. இன்னொரு பக்கமும் இருக்கிறது: சோதனையில் சாதுவாக இருந்த 77 நாய்களில் 17 வீட்டில் உறுமின. ஒரு நாள் சோதனையை வைத்து ஒரு நாயின் தலையெழுத்தை எழுதுவது எவ்வளவு ஆபத்து பாருங்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று: அப்படிப்பட்ட நாய்களை எடுத்துப் போனவர்களிலும் பெரும்பாலானோர் இதை ஒரு பெரிய பிரச்சினையாகவே நினைக்கவில்லை.

[காட்சி: கால்நடை மருத்துவர் நாயின் காதை மெல்லத் தூக்கிப் பார்க்கிறார்.]

சரி, மணியிடம் எங்கிருந்து தொடங்கினோம்? மருத்துவரிடமிருந்து. கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போனால் அவன் சட்டென்று திரும்பிக் கையைக் கவ்வுவான் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மடிந்த காதுக்குள் பார்த்தால் சிவந்து வீங்கிப் போய்ச் சீழ் வைத்திருந்தது. கழுத்துப்பட்டையைத் தொடும்போதெல்லாம் அந்தக் காது இழுபட்டிருக்கிறது. மருந்து போட்டு மூன்று வாரத்தில், பட்டையில் கை வைத்தால் சும்மா நின்றான். ஏழு மாதமாக நாங்கள் குணம் என்று நினைத்தது வலி. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனத்துப் போகும். திடீரென்று கோபப்படுகிற நாய் என்றால் காது, பல், இடுப்பு, மூட்டு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வலி போன பிறகும் இரண்டு விஷயங்கள் மிச்சம் இருந்தன. கயிற்றில் நடக்கும்போது எதிரே நாய் வந்தால் ஆகாது. சாப்பிடும்போது யாரும் பக்கத்தில் வரக் கூடாது.

இங்கேதான் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தோம். விதி ஒன்றுதான்: 'ஆக்ரோஷம்', 'முரடு', 'பிடிவாதம்' போன்ற சொற்களை எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை அப்படியே வாசிக்கிறேன்.

"செவ்வாய், காலை 6.30. பழுப்பு நாய் சுமார் 20 அடியில், நேராக எதிரே. மணி நின்றுவிட்டான். வாயை மூடிக்கொண்டான். உடம்பு விறைத்தது. இரண்டு நொடி முறைப்பு. பிறகு குரைப்பு. திரும்பி 40 அடிக்குப் போனோம். மண்ணை மோந்தான். உடம்பை உதறினான். கோழித்துண்டை வாங்கிக்கொண்டான்."

இந்த நாலைந்து வரியில் எத்தனை சங்கதி இருக்கிறது! நாற்பது அடியில் அவனால் சமாளிக்க முடியும். இருபது அடியில் முடியாது. குரைப்பதற்கு முன்னால் வாய் மூடுகிறது, நமக்கு இரண்டு நொடி அவகாசம் கிடைக்கிறது. பக்கவாட்டில் போகிற நாயை அவன் கண்டுகொள்வதே இல்லை, நேராக வருகிற நாய்தான் பிரச்சினை என்பது அடுத்தடுத்த பக்கங்களில் தெரிந்தது. இப்படிப்பட்ட நாயோடு ஒரு குடும்பம் வாழ முடியும். 'ஆக்ரோஷமான நாய்' என்ற வார்த்தையோடு வாழ முடியாது.

[காட்சி: திறந்த மைதானம். தூரத்தில் ஒரு நாய் தென்படுகிறது. மணி பார்க்கிறான். பயிற்சி தருபவரின் கை பைக்குள் போகிறது.]

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நிறையப் பேர் தவறு செய்கிற இடம் இது. 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறுகிற ஒரு சின்னப் பையனுக்கு உதவினார். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு தூரத்தில் கொண்டுவந்து வைத்தார். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். மணிக்கும் இதே வழிதான். 40 அடியில் நாய் தெரிந்தால் கோழித்துண்டு வரும். நாய் மறைந்தால் கோழியும் நின்றுவிடும்.

வரிசை மாறக் கூடாது. முதலில் நாய் கண்ணில் பட வேண்டும், அப்புறம்தான் கை பைக்குள் போக வேண்டும். தீனியை முதலில் காட்டினால், "ஓ, கோழி வந்தால் எங்கேயோ நாய் வரப்போகிறது" என்று தீனியைப் பார்த்தே பதறத் தொடங்கிவிடும். தூரத்தைக் குறைக்கவும் அவசரப்படாதீர்கள். மணிக்கு நாற்பதிலிருந்து இருபத்தைந்துக்கு வர இரண்டு மாதம் பிடித்தது. அவன் ஒருநாள் எதிரே வந்த நாயைப் பார்த்துவிட்டு, குரைக்காமல், 'எங்கே என் கோழி?' என்று கேட்பது போல என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உறுமினால் அடிப்பது, சங்கிலியைச் சுண்டி இழுப்பது வேண்டவே வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. "எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போங்கள்" என்று நாய் நாகரிகமாகச் சொல்கிறது. அதை அடித்து நிறுத்தினால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த தரம் சத்தமில்லாமல் நேராகக் கடிதான். அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கமும் 2021ல் வெளியிட்ட நிலைப்பாட்டில் இதைத்தான் சொல்கிறது: கோபம், பயம் உள்ள நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்குகிற முறைதான் வேண்டும்.

[காட்சி: பழைய அட்டையைக் கழற்றும் கை. புதிய அட்டை.]

இப்போது அட்டைக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிதாக எழுதினோம்:

"மணிக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கண்டால் பயம். கூண்டை விட்டு வெளியே வந்து பழகினால் உங்கள் காலில் சாய்ந்துகொண்டு தூங்குவான். நடக்கும்போது எதிரே நாய் நேராக வந்தால் குரைப்பான். 25 அடி விட்டு ஒதுங்கினால் போதும். சாப்பிடும்போது தனியாக விட வேண்டும். கிண்ணத்தில் கை நீட்டினால் உறுமுவான். காது வலி இருந்த காலத்தில் கையைக் கவ்வியிருக்கிறான், தோலில் பல் இறங்கவில்லை. சின்னக் குழந்தைகளும் வேறு நாய்களும் இல்லாத வீடு வேண்டும்."

"கவ்வியதை எல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள், யாரும் வர மாட்டார்களே" என்று கேட்டார்கள். மறைத்துக் கொடுத்தால் பத்து நாளில் நாய் திரும்பி வரும். திரும்பி வந்த நாய்க்கு அடுத்த வீடு கிடைப்பது இன்னும் கடினம். அதற்குள் யாருக்காவது காயம் பட்டிருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய அட்டையைப் பார்த்து ஆர்வமாக வந்தவர்கள் உண்டு. அவர்கள் தேடியது வாசலில் கட்டிப்போட ஒரு முரட்டு நாய். 'ஆக்ரோஷம்' என்ற சொல் நல்லவர்களை விரட்டுகிறது, மணியைக் கெடுக்கக் கூடியவர்களைத்தான் கூப்பிடுகிறது.

படத்தைக் கம்பி வழியாக எடுக்காதீர்கள். வெளியே, புல்லில், வாய் திறந்து ஆசுவாசமாக இருக்கும்போது எடுங்கள். அவன் மல்லாந்து தூங்குகிற அரை நிமிட வீடியோவைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

[காட்சி: அமைதியான அறை. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், சற்றுத் தள்ளி மணி.]

முதல் சந்திப்பைக் கூண்டு முன்னால் வைக்காதீர்கள். 2014ல் அலெக்ஸாண்ட்ரா புரோட்டோபோபோவா, கிளைவ் வின் என்ற ஆய்வாளர்கள், தத்தெடுக்க வந்தவர்கள் நாயோடு தனியாக இருக்கும்போது எது அவர்கள் முடிவைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தார்கள். எத்தனையோ நடத்தைகளில் இரண்டுதான் எடுபட்டன. நாய் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டால் எடுத்துப் போகிற வாய்ப்பு கூடியது. விளையாடக் கூப்பிட்டும் நாய் கண்டுகொள்ளாவிட்டால் குறைந்தது. அதனால் நாங்கள் மணியை முதலில் நீண்ட நடை கூட்டிப் போவோம், அப்புறம் அவனுக்குப் பழகின பாயை விரித்து, வந்தவர் பக்கத்தில் படுக்க விடுவோம். வருகிறவரிடம் சொல்வது இவ்வளவுதான்: பக்கவாட்டில் உட்காருங்கள், குனிந்து தலையைத் தொடாதீர்கள், அவனே வரட்டும்.

நாய் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேளுங்கள். வீட்டுக்கு யார் யார் வருவார்கள்? பேரக் குழந்தைகள் உண்டா? சாப்பாடு வைக்கத் தனி அறை இருக்கிறதா? எந்த நேரத்தில் நடக்கப் போவீர்கள்? ஒரே சந்திப்பில் கொடுக்க வேண்டாம். மூன்று தரமாவது வரட்டும். முடிந்தால் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும்.

வீட்டுக்குப் போன முதல் நாட்களில் விருந்தாளி, ஊர் சுற்றல், குளிப்பாட்டல் எதுவும் வேண்டாம். மூன்று நாள் பதற்றம் தணிய, மூன்று வாரம் வீட்டு நடைமுறை பிடிபட, மூன்று மாதம் தன் வீடு என்று உணர என ஒரு கணக்குச் சொல்வார்கள். அது ஓர் உத்தேசம்தான், ஆனால் பொறுமைக்கு உதவும். கூடை போன்ற வாய்மூடியையும் பழக்கிவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டே நாயால் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும்.

எல்லா நாய்க்கும் இது கைகூடும் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் இயன் டன்பார் கடியை ஆறு நிலைகளாகப் பிரித்தார். பல் தோலில் படாத முதல் நிலையிலிருந்து உயிர் போகிற ஆறாம் நிலை வரை. மணி இரண்டில் இருந்தான். ஆழமாகப் பல் இறக்கி, விடாமல் பிடித்து உதறுகிற நாயின் விஷயம் வேறு. அந்த முடிவை நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். யாருடைய வீட்டுக்கும் ஆபத்தை அன்பு என்ற பெயரில் அனுப்பி வைக்கக் கூடாது.

[காட்சி: அதிகாலை. ஆள் இல்லாத தெரு. ஒரு பெண்ணும் கறுப்பு நாயும் நடந்து போகிறார்கள்.]

புதிய அட்டை வைத்த பிறகு மணிக்காக மூன்று பேர்தான் கூப்பிட்டார்கள். மூன்றாவதாகக் கூப்பிட்ட அக்கா இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவர். "நான் நடக்கிற நேரத்தில் தெருவில் ஒரு நாயும் இருக்காதே" என்றார். நான்கு தரம் வந்து பார்த்தார். ஐந்தாம் தரம் கூட்டிப் போனார்.

போன மாதம் பேசும்போது சொன்னார்: சாப்பாடு வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுவாராம். மணி சாப்பிட்டு முடித்ததும் உள்ளேயிருந்து காலால் கதவை ஒரே ஒரு தட்டு தட்டுவானாம்.