அல்வா வாசமும் எலக்ட்ரானும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் போன வாரம் ஒரு பையன் என்னை மடக்கினான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். "சார், நாம பாக்காட்டி நிலாவே கெடையாதாமே? குவாண்டம்னு போட்டு செல்போன்ல வந்திருக்கு. நெசமா சார்?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்த பெரியவர் முந்திக்கொண்டார். "அதத்தான மாயைன்னு நம்ம முன்னோருவ அன்னைக்கே சொல்லிட்டுப் போய்ட்டாவ!" 30 வருஷம் இயற்பியல் நடத்திய எனக்கு அதற்கு மேல் டீ இறங்கவில்லை.

நிலாக் கேள்வி ஐன்ஸ்டைன் கேட்டது. அவர் கிண்டலாகக் கேட்டார். அந்தக் கிண்டல் செல்போனுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. குவாண்டம் என்பது எலக்ட்ரான் போன்ற மிக நுண்ணிய துகள்களின் இயற்பியல். அது உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்க முதலில் ஆற்றுக்குப் போவோம்.

தாமிரபரணியின் குறுக்குத்துறையில் குளித்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். மண்டபத் தூண்களின் இரண்டு சந்துகள் வழியாக அலை புகுந்து அந்தப் பக்கம் வந்தால், இரண்டும் சேருகிற இடத்தில் தண்ணீர் துள்ளும், ஒன்றையொன்று அடித்துவிடுகிற இடத்தில் சும்மா கிடக்கும். 1961இல் ஜெர்மனியில் யோன்சன் என்பவர் மிக நுண்ணிய பிளவுகள் வழியே எலக்ட்ரான்களை அனுப்பி, திரையில் எலக்ட்ரான் விழுந்த இடமும் விழாத இடமுமாக அதே போன்ற வரிகளைப் பார்த்தார். 1989இல் ஜப்பானில் டோனோமுராவின் குழு, ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான் மட்டும் என்று நிதானமாக அனுப்பியது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாக விழுந்தது. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்த பிறகு பார்த்தால் வரிவரியாக இருக்கிறது! கூட்டமே இல்லாமல் தனியாக வந்தது எதனோடு சேர்ந்து அலையாயிற்று? அது எந்த வழியாகப் போனது என்று அறிய ஏற்பாடு செய்தால் வரிகள் காணாமல் போகும்.

'அறிய' என்ற அந்தச் சொல்லில்தான் வம்பு தொடங்கியது. அறிவது மனம்தானே, ஆகவே மனித மனம்தான் அலையைப் புள்ளியாக்குகிறது என்று 1961இல் யூஜீன் விக்னர் எழுதினார். அவர் நோபல் பரிசு பெற்றவர், சாமானியர் அல்ல. அதே விக்னர் பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். முன்பாதியை மட்டும் நம் ஊர்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2004இல் வியன்னாவில் நடந்தது. 70 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து போன்ற மூலக்கூறு ஒன்று. அதுவும் எலக்ட்ரானைப் போலவே வரிகள் தரும். அதை லேசரால் சூடாக்கினார்கள். சூடு ஏற ஏற வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக் கடைசியில் மறைந்தே போயின. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பைப் போல மூலக்கூறு தானே ஒளியை உமிழ்ந்தது. அந்த ஒளி, அது வந்த வழியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், என்னைத்தான் சொல்கிறேன், கீழரத வீதியில் சுடச்சுட அல்வா வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறார். வழியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. படியேறியதும் உள்ளிருந்து குரல்: "கீழரத வீதிக்குப் போனியளோ?" சட்டையில் நெய், கையில் வாசம். இதற்குச் சாட்சி எதற்கு? அல்வா ஆறியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன்.

குவாண்டத்தில் 'பார்வையாளர்' என்றால் கண்ணும் மனமும் உள்ள ஆள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு தடம் வெளியே ஒட்டினால் போதும். ஜெர்மன் இயற்பியலாளர் டீட்டர் சே 1970இல் இப்படி யோசிக்கும் வழியைத் திறந்துவைத்தார். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணை எடுத்துக்கொள்ளுங்கள். நடை சாத்தி, விளக்கணைத்து, எல்லோரும் போன பிறகும் காற்றின் மூலக்கூறுகள் அதன்மேல் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன, கல்லும் தன் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. நொடிக்கு நொடி ஊரெல்லாம் வாசம் பரப்புகிற அந்தத் தூணால் இரண்டு இடத்தில் இருப்பதுபோல் பாசாங்கு செய்ய முடியாது. அது கெட்டியாக இருப்பதற்கும் நம் பார்வை காரணமில்லை. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் அமராது என்று 1925இல் பௌலி சொன்னார். அந்த விதி இல்லாவிட்டால் பொருளெல்லாம் சுருங்கி நொறுங்கும் என்று 1967இல் டைசனும் லெனார்டும் கணிதத்தால் நிறுவினார்கள். தூணைத் தட்டினால் ஸ்வரம் வருவதற்கு முன்னால், விரல் உள்ளே போகாமல் நிற்கிறதே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

'பொருள்' என்று நாம் கல்லையும் சொல்கிறோம், சொல்லின் அர்த்தத்தையும் சொல்கிறோம். 1989இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர், உலகத்தின் அடியில் இருப்பது ஆம்-இல்லை என்கிற தகவல்தான், சடம் அதிலிருந்து எழுவது என்று ஓர் ஊகம் வைத்தார். தமிழனுக்கு அதைக் கேட்டதும் ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் சொல் ஒத்துப்போவது சோதனை ஆகாது. அந்த வீலரும் பதிவு செய்யக் கருவி போதும், மனம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இந்த உரையை நேற்று அந்தப் பையனிடமே ஒத்திகை பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி சார், வாசம் காட்டிக்குடுக்கும். ஒத்துக்கிடுதேன். ஆனா இந்தப் புள்ளியில போயி விழுன்னு எலக்ட்ரான்கிட்ட யாரு சொல்லுதா?" என்றான்.

சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். எந்தப் புள்ளியில் விழ எவ்வளவு வாய்ப்பு என்று 1926இல் மாக்ஸ் பார்ன் கொடுத்த விதி சொல்லும். இந்தப் புள்ளிதான் என்று சொல்லாது. வரிகள் ஏன் மறைகின்றன என்று சே சொன்னது விளக்கும். மிஞ்சிய வாய்ப்புகளில் ஒன்று மட்டும் ஏன் நடக்கிறது என்பதை அதுவும் விளக்கவில்லை. எல்லாமே நடக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் உலகத்தில் என்றார் எவரெட், 1957இல். அப்படியானால் அல்வாவே தின்னாத ஒரு நானும் எங்கேயோ இருக்க வேண்டும். அதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

"எனக்குத் தெரியாதுடே" என்றேன். அவனுடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

வணக்கம்.